“ஒன்றுமில்லை” என்று சொல்லியே மூன்று வருடம் போய்விட்டது. இவருக்கு இனி எப்படிச் சொல்வது?

தையல்காரி, செல்வநாயகபுரம்:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 39 வயது, கலியாணம் முடித்து 15 வருடம். மகள் எட்டாம் ஆண்டு, மகன் நாலாம் ஆண்டு படிக்கிறார்கள். இவருக்குத் திருகோணமலை டவுனில் ஒரு இரும்புக்கடையில் வேலை. காலை எட்டுக்குப் போனால் இரவு ஏழு தாண்டித்தான் வருவார். மாமியும் எங்களோடுதான். நான் வீட்டிலேயே தைக்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முதல் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் ஒரு கிழமையில் போய்விட்டது, உளைவு போகவில்லை. முதலில் நாரி, பிறகு தோள்மூட்டு, பிடரி, முழங்கைக்குக் கீழே. இன்றைக்கு நாரி என்றால் நாளைக்குப் பிடரி. ஓரிடத்தில் நிற்பதுமில்லை, விட்டுப் போவதுமில்லை. அதைவிடப் பெரிய கரைச்சல் இந்த அலுப்பு. எட்டு மணித்தியாலம் படுத்தாலும் இரவெல்லாம் நெல்லுக் குத்தின மாதிரித்தான் எழும்புகிறேன்.

இடியப்ப உரலை நாலு தரம் அழுத்தினால் கை விட்டுவிடும். சரி, பிட்டு அவிப்போம் என்றால் தேங்காய் துருவ வேண்டும். திருவலையில் குந்தினால் எழும்ப ஏலாது. இப்போது கிழமையில் நாலு நாள் கடை இடியப்பம்தான். மாமி வாயால் ஒன்றும் சொல்வதில்லை. அந்தப் பார்சலை அவ பிரிக்கிற விதத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிடும்.

தையலும் குறைந்துவிட்டது. பள்ளிக்கூடம் தொடங்க முதல் வருகிற வெள்ளைச் சட்டைச் சீசனில் ஒரு நாளைக்கு ஐந்து சட்டை வெட்டித் தைத்த கை இது. போன முறை இரண்டோடு நிறுத்தினேன். கத்தரிக்கோலைப் பிடித்தால் பெருவிரலின் அடி கொதிக்கிறது. மிதிமெஷினுக்கு மோட்டர் பூட்டினோம். காலுக்கு ஆறுதல், குனிந்திருக்கிற கழுத்துக்கு இல்லை.

முதலில் ஒரு இடத்தில் காட்டினோம். இவரும் பக்கத்தில் இருந்தார். ஈ.எஸ்.ஆர், தைரொய்ட், வாதத்துக்கான இரத்தம் எல்லாம் எடுத்தார்கள். ரிப்போட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு டொக்டர், “ஒன்றுமில்லை, கண்டதை யோசிக்காமல் வேலையைப் பாரும்” என்றார். ஓட்டோவில் வரும்போது இவருக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? வழியில் நிப்பாட்டி பத்திரகாளி கோயிலில் கற்பூரம் கொளுத்தினார். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒரு வருடம் கழித்துக் கண்டியில் ஒரு வாதநோய் டொக்டரிடம் தங்கச்சியோடு போனேன். இவருக்கு லீவு கிடைக்கவில்லை. அவர் நித்திரை எப்படி, மறதி இருக்கிறதா, காலையில் எப்படி இருக்கும் என்று ஆறுதலாகக் கேட்டார். தோளிலும் பிடரியிலும் முழங்காலிலும் அழுத்திப் பார்த்தார். “இது பைப்ரோமயால்ஜியா, உடம்பெல்லாம் உளைவும் அலுப்புமாக இருக்கிற வருத்தம், உங்களுடைய கற்பனை இல்லை” என்றார். அவருக்கு முன்னாலேயே அழுதுவிட்டேன். வீட்டுக்கு வந்து இவரிடம் பெயரைச் சொன்னேன். “அது ரிப்போட்டில் வந்ததா?” என்று கேட்டார். இல்லை என்றேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது.

இனித்தான் கேட்க வந்த விசயம். இவர் நல்ல மனுசன். குடியில்லை, ஒருநாளும் கை நீட்டினதில்லை. கடையால் வந்ததும் மெஷினடிக்கு வந்து என் தோளில் கையை வைத்துத்தான் “தேத்தண்ணி குடிச்சியா?” என்று கேட்பார். பதினைந்து வருடப் பழக்கம். நாலு மாதத்துக்கு முதல் ஒருநாள், பிடரி நெருப்பாய் எரிந்துகொண்டிருந்த நேரம், அப்படிக் கையை வைத்தார். நான் என்னை அறியாமல் விலகிவிட்டேன். விலகினது மட்டுமில்லை, “ச்சீ” என்ற மாதிரி ஒரு சத்தமும் வந்துவிட்டது. அவர் கையை எடுத்தார். எடுத்த கையை ஒருதரம் பார்த்தார், ஊத்தையாக இருக்கிறதோ என்று. இரும்புக்கடைக் கைதானே. நேரே கிணற்றடிக்குப் போய்ச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு வந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. என்ன சொல்வது என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு தோளில் கை வைப்பதில்லை. படுக்கையும் விறாந்தைக்குப் போய்விட்டது. “நீ இடைஞ்சல் இல்லாமல் படு” என்றுதான் சொன்னார். அது அக்கறையா, கோபமா என்று எனக்கு இன்னும் தெரியாது. முந்தி வெள்ளிக்கிழமைகளில் இரண்டு பேரும் கோணேசர் கோயிலுக்குப் போவோம். கோட்டை வாசலில் இருந்து நடந்தே ஏறுவோம். இப்போது நான் கீழே மான்கள் நிற்கிற இடத்தில் மதகில் இருந்துவிடுவேன், அவர் தனியே போய்த் திருநீறு கொண்டு வருவார். போன மாதம் “வேண்டாம், நீ வீட்டிலேயே இரு” என்றுவிட்டார்.

எனக்கு அவர் வேண்டாம் என்று இல்லை. உடம்பு ஏலாது என்பதுக்கும் மனம் இல்லை என்பதுக்கும் வித்தியாசம் இருக்கிறது என்று ஒரு ஆம்பிளைக்கு எப்படி விளங்கப்படுத்துவது? இந்த வருத்தத்தோடு குடும்பம் நடத்துகிறவர்கள், முக்கியமாக இரவு விசயத்தை எப்படிக் கதைத்தீர்கள் என்று வெட்கப்படாமல் சொல்லுங்கோ. நானும் வெட்கத்தை விட்டுத்தான் எழுதுகிறேன்.

திருக்கடலூரான்:

தங்கச்சி, நான் கடல் தொழில் செய்கிறவன். என் மனுசிக்கு மூட்டுவாதம் வந்து ஒன்பது வருடம். அவவுக்கு ரிப்போட்டிலும் வந்தது, விரல் மூட்டும் வீங்கிக் கிடந்தது. அப்படியிருந்தும் எனக்கு விளங்கவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ரிப்போட் வந்திருந்தால் அவருக்கு விளங்கியிருக்கும் என்று நீங்கள் நினைக்க வேண்டாம்.

விடிய முதல் தொழிலுக்குப் போய்விடுவேன். வரும்போது சோறு கறி இருக்கும், பிள்ளைகள் குளித்திருக்கும். அவ எப்படிச் செய்தா என்று நான் ஒருநாளும் காணவில்லை. வாடை தொடங்கி கடல் அடித்துக் கிடந்த ஒரு மார்கழியில்தான் தொடர்ந்து வீட்டில் இருந்தேன். காலை ஐந்தரைக்கு எழும்பினவ கட்டில் விளிம்பில் அப்படியே இருக்கிறா. விரலை மடக்க ஏலாது. சுடுதண்ணிச் சட்டிக்குள் கையை வைத்து, ஒவ்வொரு விரலாக மடக்கி, ஒரு மணித்தியாலம் கழிந்துதான் பிள்ளையின் சட்டைப் பொத்தானைப் பூட்டுகிறா. ஆறு வருடமாக இது என் வீட்டுக்குள் நடந்திருக்கிறது.

அன்றைக்கு நான் கோபப்பட்டேன். ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். அவ சொன்னா, “நீங்க கேட்டீங்க, நான் ஒன்றுமில்லை என்றேன். நீங்களும் சரி என்டு போயிட்டீங்க.” உண்மைதான். “என்ன செய்யுது?” என்று ஒவ்வொரு நாளும் கேட்டிருக்கிறேன். ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லை என்றுதான் எடுத்தேன். ஆம்பிளைகளுக்குச் சொல்லைத் தாண்டிப் பார்க்கத் தெரியாது தங்கச்சி, என்னையே வைத்துச் சொல்கிறேன்.

இப்போது நான் செய்கிற ஒரு வேலை சொல்கிறேன். இரவு படுக்க முதல் குசினியில் இருக்கிற போத்தல் மூடி எல்லாவற்றையும் இளக்கி வைத்துவிட்டுப் படுப்பேன். மிளகாய்த்தூள், சீனி, தேங்காய் எண்ணெய் எல்லாம். காலையில் நான் கடலில் நிற்கும்போது அவ யாரையும் கூப்பிடாமல் திறக்கலாம். இதை அவ என்னிடம் கேட்கவில்லை. ஒருநாள் பல்லால் மூடியைக் கடித்துத் திறந்ததைக் கண்டேன், அதுதான்.

உங்களுடைய மனுசன் கையைக் கழுவினதை வாசித்து எனக்கு நெஞ்சு அடைத்தது. அந்த ஆள் தன்னில்தான் பிழை என்று நினைத்திருக்கிறார். விறாந்தைக்குப் போனதும் அதனால்தான் இருக்கும். அவரிடம் அதையே சொல்லுங்கோ, அந்தக் கையில் ஊத்தை இல்லை என்று.

மூதூரான்:

அக்கா, என் உம்மாவுக்கும் உடம்பெல்லாம் நோவு. கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் ஏழிலும் அள்ளி ஊற்றிக் குளித்தால் இரண்டு மூன்று நாளைக்குச் சுகமாக இருக்கும் என்பா. டவுனில் இருந்து கிட்டத்தானே, விடியப் போனால் சனமும் இருக்காது. ஒருக்கால் போய்ப் பாருங்கள்.

வாட்டுத் தாதி:

நான் திருகோணமலைப் பிள்ளைதான். இருபது வருடமாகத் தாதி வேலை, இப்போது வேறு மாவட்டத்தில். சகோதரி எழுதினதை ராத்திரி டியூட்டியில் இரண்டு தரம் வாசித்தேன்.

முதலில் உங்கள் கணவர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். பைப்ரோமயால்ஜியா எந்த ரிப்போட்டிலும் வராது. இரத்தம் எடுப்பது வேறு நோய் இல்லை என்று பார்ப்பதற்குத்தான். 1990இல் அமெரிக்க வாத நோய் மருத்துவர்கள் உடம்பில் 18 இடங்களைக் குறித்து, அதில் 11 இடத்தில் அழுத்தினால் நோக வேண்டும் என்று கணக்கு வைத்திருந்தார்கள். 2010இல் அதையும் மாற்றி, எத்தனை இடத்தில் நோகிறது, அலுப்பு எவ்வளவு, நித்திரை எப்படி, ஞாபகம் எப்படி என்று கேட்டே முடிவெடுக்கலாம் என்றார்கள். மூன்று மாதமாவது தொடர்ந்து இருக்க வேண்டும். கண்டி டொக்டர் உங்களை அவ்வளவு கேள்வி கேட்டதே அந்தப் பரிசோதனைதான். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் 2022இல் புதிதாக நடைமுறைக்கு வந்தபோது, நாட்பட்ட வலி தனி நோயாகவே அதற்குள் இடம்பிடித்தது. இதை அவருக்கு அப்படியே வாசித்துக் காட்டுங்கள்.

தோளில் கை வைத்ததும் விலகினீர்களே, அதற்கும் காரணம் இருக்கிறது. இந்த நோயில் மூளையும் முள்ளந்தண்டு நரம்பும் வருகிற செய்தியைக் கூட்டிப் பெருப்பிக்கின்றன. ரேடியோவின் சத்தத்தைக் கூட்டி வைத்தால் மெதுவாகக் கதைப்பதும் கத்துவது மாதிரிக் கேட்கும் இல்லையா, அது மாதிரி. அன்பாக வைத்த கையும் சுட்ட மாதிரித்தான் இருக்கும். உங்களுக்கு அவர் பிடிக்கவில்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை.

மருந்து என்ன தந்தார்கள் என்று எழுதவில்லை. இரவுக்கு 10 மில்லிகிராம் அமிட்ரிப்டிலின் என்றால், அது மனநோய்க்குத் தருகிற மருந்து என்று பாமசியில் யாராவது சொன்னாலும் பயப்பட வேண்டாம். இந்தச் சிறிய அளவில் நித்திரைக்கும் வலிக்குமாகத் தருவது. வேலை செய்யச் சில கிழமை எடுக்கும். வாய் காயும், காலையில் தூக்கக் கலக்கம் இருக்கும். படுக்கைக்குப் போகிற நேரத்தில் போடாமல் கொஞ்சம் முந்திப் போட்டால் காலைக் கலக்கம் குறைகிறது என்று பலர் சொல்வார்கள், டொக்டரிடம் கேட்டு மாற்றுங்கள். சில மருந்துகள் ஆசையையும் குறைக்கும். அப்படி இருந்தால் அதையும் வெட்கமில்லாமல் டொக்டரிடம் சொல்லுங்கள், நாங்கள் தினமும் கேட்கிற விசயம் அது. நீங்களாக நிறுத்த மட்டும் வேண்டாம்.

2016இல் ஐரோப்பிய வாதநோய் நிபுணர்கள் வெளியிட்ட பரிந்துரைகளில், மருந்துகளைவிட உறுதியாகச் சொன்னது உடற்பயிற்சியைத்தான். அதற்காக முதல் நாளே கோணேசர் மலை ஏறச் சொல்லவில்லை. ஐந்து நிமிடம் நடந்து, அது பழகினால் ஏழு நிமிடம். தையலிலும் அப்படித்தான், இருபது நிமிடம் தைத்தால் எழும்பி ஒரு சுற்று நடந்துவிட்டு இருங்கள். நோவு வரும் முதல் எழும்ப வேண்டும். நல்ல நாள் வந்தால் எல்லாத் துணியையும் ஒரேயடியாகத் தைத்துவிட்டு மூன்று நாள் விழுந்து கிடப்பீர்கள். எனக்குத் தெரிந்த எல்லாப் பெண்களும் இதைத்தான் செய்கிறார்கள். கன்னியாத் தண்ணீரும் நல்லதுதான், சூடு தசையை இளக்கும். ஆனால் அந்தச் சுகம் கொஞ்ச நேரத்துக்குத்தான், வீட்டுச் சுடுதண்ணியும் அதே வேலையைச் செய்யும்.

இரவு விசயம் கேட்டீர்கள். இரவு பதினொரு மணி உங்கள் உடம்பு முழுதாகத் தீர்ந்துபோன நேரம். அது இரவு விசயமாகவே இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? பிள்ளைகள் ரியூசனுக்கும் மாமி கோயிலுக்கும் போகிற ஞாயிறு பின்னேரம் ஒன்று எல்லா வீட்டிலும் கிடைக்கும். சுடுதண்ணியில் குளித்த பிறகு உடம்பு இளகியிருக்கும். பக்கவாட்டில் படுத்து, முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை வைத்தால் நாரிக்குப் பாரம் வராது. எல்லா நாளும் முழுதாக ஒன்று நடக்க வேண்டும் என்றும் இல்லை. பக்கத்தில் படுத்திருப்பதே பெரிய விசயம். ஆனால் எங்கே தொடலாம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். எங்கே தொடக்கூடாது என்று மட்டும் சொன்னால் அந்த மனுசன் எங்குமே தொடமாட்டார்.

கடைசியாக ஒன்று. மூட்டு வீங்கினால், காலை விறைப்பு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போனால், மெலிந்தால், விட்டு விட்டுக் காய்ச்சல் வந்தால், கை கால் பலம் குறைந்தால் இது பழைய வருத்தம்தான் என்று இருந்துவிடாமல் உடனே காட்டுங்கள்.

தையல்காரி, செல்வநாயகபுரம்:

தாதி அக்கா, அமிட்ரிப்டிலின் 10தான். பாமசியில் நீங்கள் சொன்ன மாதிரியே ஒருவர் சொன்னார், பயத்தில் இரண்டு மாதம் நான் போடவே இல்லை. இவரிடமும் சொல்லவில்லை. இனிப் போடுகிறேன்.

திருக்கடலூர் அண்ணா, உங்கள் மனுசி சொன்னதை வாசித்துவிட்டு நான் நிறைய நேரம் அப்படியே இருந்தேன். நானும் அதைத்தான் செய்திருக்கிறேன். ரிப்போட்டைப் பார்த்து டொக்டர் ஒன்றுமில்லை என்றதுக்கு எனக்கு இவ்வளவு கோபம். ஆனால் அதே சொல்லை இந்த வீட்டில் மூன்று வருடமாகச் சொன்னது நான்தான். காலையில் ஒருக்கால், இரவு ஒருக்கால். அவர் எதை நம்புவார்?

மலையடி அம்மா:

பிள்ளை, எனக்கு 71 வயது. 2006 கடைசியில் இங்கே சிக்குன்குனியா வந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். நாட்டு நிலைமையும் சரியில்லாத காலம். ஒழுங்கை முழுக்கச் சனம் கூனிக் கூனி நடந்தது. அந்தப் பெயரே ஆபிரிக்காவில் மகொண்டே சனத்தின் பேச்சில் வளைந்துபோவது என்ற அர்த்தமாம், 1952இல் தன்சானியாப் பக்கம் முதலில் கண்டுபிடித்தார்களாம். என் மகன் வாசித்துச் சொன்னான். மற்றவர்களுக்கு இரண்டு மூன்று மாதத்தில் மாறியது. எனக்குக் கணுக்காலும் மணிக்கட்டும் இரண்டு வருடம் இழுத்தது.

அந்த இரண்டு வருடமும் நான் அவரோடு சரியாகக் கதைக்கவில்லை. நோவை அடக்கிப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் முகமும் அப்படித்தானே இருக்கும். நான் முகத்தை நீட்டுகிறேன் என்று அவர் நினைத்தார். அவர் கதைக்காமல் இருக்கிறாரே என்று எனக்கு வைராக்கியம். ஒரு வீட்டுக்குள் இரண்டு பேர் இரண்டு வருடம் “சோறு போடவா”, “போடு” என்று இருந்தோம். பிறகு மாறிவிட்டது, நல்லாகத்தான் இருந்தோம். ஆனால் அவர் போய் ஆறு வருடமாகிறது, அந்த இரண்டு வருடத்தை எண்ணாத நாளில்லை.

மாமியைப் பற்றியும் எழுதியிருந்தாய். நான் இப்போது ஒரு மாமி. மருமகள் கடை இடியப்பம் வாங்கினால் எனக்கும் மனதில் ஒன்று வரும்தான். நோகிறது என்று வாய் திறந்து சொன்னால், நாங்களும் ஒரு காலத்தில் நொந்த ஆட்கள்தானே. சொல்லிப் பார்.

தையல்காரி, செல்வநாயகபுரம்:

இரண்டு கிழமை கழித்து வருகிறேன். எல்லாருக்கும் பதில் எழுத வேண்டும் என்று இருந்தேன், கை விடவில்லை.

வாயால் சொல்ல மூன்று தரம் வெளிக்கிட்டேன். தொடங்கினால் அழுகைதான் வந்தது. பிறகு எனக்குத் தெரிந்த வேலையில் செய்தேன். சட்டை வெட்டுகிற பிறவுண் பேப்பரில் என் அளவுக்கே முன்பக்கம், பின்பக்கம், இரண்டு கை என்று வெட்டினேன். நாரிக்கும் காலுக்கும் கீழே இன்னொரு துண்டு. பிறகு தையல் சோக்கால் நோகிற இடங்களைக் குறித்தேன். எந்த நேரமும் நோகிற இடத்துக்குச் சிவப்பு, விட்டு விட்டு நோகிற இடத்துக்கு நீலம். பின்பக்கத் துண்டில் பிடரியில் இருந்து தோள்ப்பட்டை வரை முழுக்கச் சிவப்பாகிவிட்டது. குறித்து முடித்துப் பார்க்கும்போது எனக்கே பயமாக இருந்தது.

இரவு பிள்ளைகள் படுத்த பிறகு அதை விறாந்தையில் பாய்க்குப் பக்கத்தில் விரித்தேன். இது நான் என்று சொன்னேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். அளந்து வெட்டின எதையும் பார்த்தால் அவருக்கு விளங்கும், தகரமும் கம்பியும் அளக்கிற ஆள். தோள்ப்பட்டையில் விரலை வைத்து, “இதிலேயா நான் அன்றைக்குக் கை வைச்சனான்?” என்று கேட்டார். ஓம் என்றேன். கையில் ஊத்தை இல்லை, இந்தச் சிவப்புத்தான் என்றேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு, “குறி இல்லாத இடம் எது?” என்று தேடினார். தாதி அக்கா சொன்ன வசனம் அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. நான் அதைக் குறிக்கவே இல்லை. வெள்ளைச் சோக்கை எடுத்து, கை வெட்டின துண்டுகளின் முனையில் இரண்டு உள்ளங்கையையும் வரைந்தேன்.

உடனே எல்லாம் மாறிவிட்டது என்று பொய் எழுத மாட்டேன். பாய் இன்னும் விறாந்தையில்தான். கட்டில் அசைந்தால் எனக்கு முழிப்பு வருகிறது என்று நானும் சொல்லிவிட்டேன், அது உண்மை. ஆனால் நான் படுக்கும் வரைக்கும் அறைக்குள் வந்து இருக்கிறார், கையைப் பிடித்துக்கொண்டு கடைக் கதை சொல்கிறார். அடுத்த கிளினிக்குக்கு ஒரு மாதம் முதலே லீவு சொல்லி வைத்திருக்கிறார். ஞாயிறு பின்னேரத்தைப் பற்றி இன்னும் கதைக்கவில்லை. அதுக்கு இன்னும் கொஞ்சம் தைரியம் வர வேண்டும்.

ஒரு நாள் நோவு கூடின நேரத்தில் “ஒன்றுமில்லை” என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் சுவரில் ஒட்டியிருக்கிற பேப்பரைக் காட்டி, “எந்த இடம்?” என்றார். நாரி என்றேன். போய்ச் சுடுதண்ணி வைத்தார்.

திருக்கடலூர் அண்ணாவுக்கு மட்டும் ஒன்று. போத்தல் மூடி விசயத்தை நான் இவருக்குச் சொல்லவே இல்லை. நேற்றுக் காலை குசினியில் மிளகாய்த்தூள் போத்தலை எடுத்தேன், மூடி இளகியே இருந்தது. சீனிப் போத்தலும் அப்படித்தான். இவர் அந்த நேரம் கிணற்றடியில் நின்றார். மாமி முற்றத்தில் கூட்டிக்கொண்டு நின்றா. யார் என்று நான் இன்னும் கேட்கவில்லை.